கேட்காமல் வர வேண்டிய ஞாபகம்

போன ஆடி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. திருச்சி தில்லைநகரில் மாடியில் இருக்கும் என் சின்ன கிளினிக்கில் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். 74 வயது. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் ஒரு நீலமைப் பேனா, இடது கையில் பழைய எச்எம்டி கடிகாரம். பக்கத்தில் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்திறங்கிய மகள். மடியில் இருந்த பிளாஸ்டிக் உறையில் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே வேறோர் இடத்தில் எடுத்த ஞாபகத்திறன் பரிசோதனைத் தாள்: 30-க்கு 27.

"மார்க் நல்லாத்தான் இருக்காம் மேடம். வயசானா கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. ஆனா ரெண்டு தடவை..." என்று தொடங்கிய மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பெரியவரே சொன்னார். முதல் தடவை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேப்பர் எடுக்கப் போனவர் அங்கேயே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார். பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிய நாற்றத்தில் கீழ்வீட்டுக்காரர் ஓடி வந்து கதவைத் தட்டியிருக்கிறார். இரண்டாவது தடவைதான் பயமானது. காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டுவிட்டார். கிளிமிபிரைடு. சர்க்கரையை நன்றாகக் கீழே இறக்குகிற மாத்திரை. வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, அதே கீழ்வீட்டுக்காரர் குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 54.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். 16 வருடமாக இந்த ஊரில் வயதானவர்களின் ஞாபகத்தைப் பரிசோதித்து வருகிறேன். இந்தப் பெரியவரைப் பற்றி எழுத அவரும் மகளும் சம்மதித்தார்கள். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பரிசோதனையில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அந்த 27 மார்க் பொய்யில்லை. நானும் அன்றைக்கு அதே மாதிரிப் பரிசோதனை ஒன்றைத்தான் முதலில் செய்தேன். அதிலும் அவருக்கு 26 வந்தது. தேதி சரி, கிழமை சரி, மாவட்டம் சரி. 100-லிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் நான் தாளைப் பார்ப்பதற்குள் 65-க்கு வந்துவிட்டார். ஐந்து சொற்களைச் சொல்லி, வேறு வேலைகள் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன். நான்கைச் சொன்னார்.

உலகம் முழுக்க அதிகம் பயன்படுகிற இரண்டு சிறு பரிசோதனைகள் எம்எம்எஸ்இ, மோக்கா. முதலாவது 1975-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது, இரண்டாவது 2005-ல் வெளியானது. இரண்டுக்கும் மொத்தம் 30 மார்க். நல்ல கருவிகள், நானும் தினம் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டிலும் ஞாபகத்தைச் சோதிக்கும் விதம் ஒன்றுதான்: பரிசோதிப்பவர் கேட்பார், எதிரில் இருப்பவர் தேடி எடுத்துத் தருவார். "சற்று முன் சொன்ன சொற்கள் என்ன?" என்ற கேள்வியே, தேட வேண்டிய நேரம் இது என்று சொல்லிவிடுகிறது.

அடுப்பில் இருக்கும் பால் அப்படிக் கேட்காது. மாத்திரை அட்டை வாய் திறக்காது. சரியான நேரத்தில், யாரும் கேட்காமல், செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு, "அடடா, அது இருக்கே" என்று மனசுக்குள் ஒன்று எழ வேண்டும். இதை ஆங்கிலத்தில் ப்ராஸ்பெக்டிவ் மெமரி என்பார்கள். தமிழில் எதிர்நோக்கு நினைவு என்று எழுதலாம். வீட்டாரிடம் நான் 'செய்யணும்னு இருக்கிற ஞாபகம்' என்றுதான் சொல்வேன். உடனே புரிந்துகொள்வார்கள். ஏனென்றால் அவர்கள் கிளினிக்குக்கு வந்ததே அதனால்தான். போன வருடம் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்பதை அம்மா மறந்துவிட்டார் என்று யாரும் பதறிக்கொண்டு வருவதில்லை. கேஸை அணைக்கவில்லை, கதவைப் பூட்டவில்லை, மாத்திரை போடவில்லை, பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கவில்லை என்றுதான் வருகிறார்கள்.

இந்த ஞாபகத்தில் இரண்டு பாதி இருக்கிறது. ஏதோ செய்ய வேண்டியிருக்கிறது என்பது உரிய நேரத்தில் தானாக எழுவது ஒரு பாதி. அது என்ன என்பது இன்னொரு பாதி. எந்தப் பாதி போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை, அதைப் பொறுத்துத்தான் வீட்டில் செய்யவேண்டிய ஏற்பாடு மாறும்.

இதற்கென்றே செய்யப்பட்ட பரிசோதனைகள் உண்டு. இங்கிலாந்தில் பார்பரா வில்சனும் கூட்டாளிகளும் 1985-ல் கொண்டுவந்த ரிவர்மீட் பரிசோதனையில் இதற்கான சில பகுதிகள் இருந்தன. பரிசோதிக்கப்படுபவரின் பொருள் ஒன்றை வாங்கி மறைத்துவைத்து, முடிவில் அவராகவே அதைக் கேட்கிறாரா என்று பார்ப்பார்கள். 2005-ல் கேம்பிராம்ப்ட் என்ற பரிசோதனை வந்தது. நேரத்தைப் பார்த்துச் செய்ய வேண்டியவை மூன்று, ஒரு நிகழ்ச்சி நடந்தால் செய்ய வேண்டியவை மூன்று. அமெரிக்காவில் சாரா ரஸ்கின் உருவாக்கிய மிஸ்ட் என்ற பரிசோதனையில் எட்டு வேலைகள். தவறினால் எப்படித் தவறினார் என்றும் அதில் பிரித்து எழுத வேண்டும். நேரம் தவறியதா, செய்ய வேண்டியதே மாறிப்போனதா, ஒன்று இருக்கிறது என்பதே தோன்றவில்லையா. இந்த மூன்றும் மூன்று வேறு மனிதர்கள் என்றே சொல்லுவேன்.

நான் அந்தப் பரிசோதனைப் பெட்டிகளை அப்படியே எடுத்து இங்கே உள்ளவர்களுக்கு மார்க் போடுவதில்லை. ஆங்கிலம் பேசுகிற ஊரில் எடுத்த சராசரியை வைத்து உறையூர்ப் பாட்டிக்குத் தேர்ச்சி, தோல்வி போடுவது நியாயமில்லை. அதே தத்துவத்தில் நானே வேலைகளைக் கட்டிக்கொள்கிறேன். எண் போடாமல், நடந்ததை வரிவரியாக எழுதிக்கொள்கிறேன். மருத்துவருக்கு அனுப்பும் அறிக்கையிலும் அப்படியே எழுதுவேன்.

சரி, அன்றைய வேலைக்கு வருகிறேன்.

பெரியவரிடம் மூன்று வேலை சொன்னேன். ஒன்று, அவருடைய பேனாவை வாங்கி என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். "நான் 'இன்னிக்கு இவ்வளவுதான்'னு சொன்னதும் நீங்களே பேனாவைக் கேட்டு வாங்கிக்கணும்." இரண்டு, சுவர்க்கடிகாரத்தில் 11.20 ஆனதும் எழுந்து அந்த ஜன்னலைச் சாத்த வேண்டும். மூன்று, நடுவில் எப்போதாவது நான் ஒரு சிவப்பு ஃபைலை அவர் கையில் கொடுப்பேன், கொடுத்ததும் தன் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும். மூன்றையும் என்னிடம் திருப்பிச் சொல்லச் சொன்னேன், பிசகாமல் சொன்னார். அந்தத் திருப்பிச் சொல்லல் முக்கியம். காதில் விழாததையும் புரியாததையும் மறதிக் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

அப்புறம் வேறு வேலைகளைக் கொடுத்தேன். படத்தில் வித்தியாசம் கண்டுபிடிப்பது, எழுத்துக் கூட்டத்தில் 'க' எங்கெல்லாம் இருக்கிறது என்று வட்டம் போடுவது, கதை கேட்டுச் சொல்வது. மனசு இவற்றில் ஆழ்ந்திருக்க வேண்டும். சும்மா உட்கார வைத்தால் யாரும் 11.20 மணியை வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்துவிடுவார்கள். வீட்டில் அப்படி இருக்க முடியாதே, பேப்பர் வரும், போன் வரும், காய்காரர் குரல் கொடுப்பார்.

மணி 11 ஆனதிலிருந்து அவர் எத்தனை முறை கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிறார் என்று ஓரத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். 11.05-க்கு ஒன்று. 11.12-க்கு ஒன்று. 11.16, 11.18, 11.19. நேரம் நெருங்க நெருங்க பார்வையும் நெருங்கியது. 11.20-க்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய் ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, "சாத்தியாச்சு" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். நேரத்தைப் பார்த்துச் செய்வதுதான் பொதுவாகக் கடினம் என்று புத்தகங்கள் சொல்லும், ஏனென்றால் அங்கே கண் முன்னால் தூண்டுகோல் எதுவும் வராது, நாமாகவே போய் மணி பார்க்க வேண்டும். 36 வருடம் கடிகாரத்தோடு வாழ்ந்த மனிதருக்கு அந்தப் பழக்கம் எலும்பில் இறங்கியிருந்தது.

11.28-க்குச் சிவப்பு ஃபைலைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். திறந்து, உள்ளே இருந்த தாளைப் பார்த்தார், "இதுலயும் 'க'வா மேடம்?" என்று கேட்டார். நான் காத்திருந்தேன். பென்சிலை எடுத்து வட்டம் போட ஆரம்பித்துவிட்டார்.

மகளுக்குத் தாங்கவில்லை. வாய் திறந்துவிட்டது. நான் மெல்லத் தலையசைத்து நிறுத்தச் சொன்னேன்.

11.45. "சார், இன்னிக்கு இவ்வளவுதான்" என்றேன். எழுந்தார். "ரொம்ப நன்றிம்மா" என்று கைகூப்பினார். செருப்பு மாட்டினார். ஒரு கை கதவுப் பிடியில். அங்கே நின்றார். வலது கை மெதுவாக மேலே போய்ச் சட்டைப்பையைத் தடவியது. விரல் உள்ளே போய், ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தது. திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஏதோ ஒண்ணு இருக்கு, இல்லம்மா?"

நான் பேசவில்லை. இந்த மௌனம் என் வேலையிலேயே மிகக் கஷ்டமான பகுதி. எதிரில் நிற்பவர் அப்பா வயதுக்காரர், தவிக்கிறார், என் கைக்கு எட்டும் இழுப்பறையில் பதில் இருக்கிறது. வேலைக்கு வந்த புதிதில் நான் இதைத் தாங்கமாட்டாமல், "நான் உங்ககிட்ட ஏதோ வாங்கி வச்சேனே..." என்று இழுத்துவிடுவேன். உடனே அவர்களுக்கு வந்துவிடும், எல்லாருக்கும் சந்தோஷம். அப்படி நான் இழுத்துக் கொடுத்த பல பேருடைய குறை என் பழைய அறிக்கைகளில் பதிவாகவே இல்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் பத்து எண்ணுவேன்.

பத்து எண்ணி முடித்தும் அவருக்கு வரவில்லை. "பரவாயில்லை சார், உட்காருங்க" என்று சொல்லிப் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் கேட்டேன்: "சிவப்பு ஃபைல் கொடுத்தா என்ன செய்யச் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

யோசிக்கக்கூட இல்லை. "பிறந்த தேதியைச் சொல்லச் சொன்னீங்க." சொல்லிவிட்டு நிறுத்தினார். "ஃபைலைக் கொடுத்தீங்களே. நான் சொல்லலையே."

27 மார்க்கின் ரகசியம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. விஷயம் அவருக்குள் பத்திரமாக இருக்கிறது. கேட்டால் வருகிறது. கேட்காமல் வரவில்லை. கேள்வி கேட்டுக் கேட்டுச் சோதிக்கிற பரிசோதனையில் அவர் ஏன் தேற மாட்டார்?

இது ஒருவருக்கு மட்டும் நடப்பதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 12,000 பேரிடம் எடுத்த பெரிய ஆய்வின் முடிவு 2000-ல் வந்தது. ஃபெலிசியா ஹப்பர்ட்டும் உடன் பணியாற்றியவர்களும் எழுதியது. வேலை ரொம்ப எளிது: ஓர் உறையில் பெயரும் முகவரியும் எழுத வேண்டும், எழுதி முடித்ததும் உறையை ஒட்டிப் பின்பக்கம் தங்கள் முதலெழுத்துகளைப் போட வேண்டும், அவ்வளவுதான். யாரும் ஞாபகப்படுத்தாமல் அதைச் செய்தவர்கள் 54 சதவீதம். டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆரம்ப நிலையில் உள்ளவர்களில் 8 சதவீதம் மட்டுமே. ஓர் உறையும் பேனாவும் இருந்தால் போதும், இவ்வளவு பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் நம் புறநோயாளிப் பிரிவுகளில் இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குவது அபூர்வமாக இருக்கிறது. எனக்கு அது வருத்தம்.

மகளிடம் தனியாகப் பேசினேன். வீட்டார் நிரப்ப வேண்டிய 16 கேள்விப் படிவம் ஒன்று இருக்கிறது. 'சில நிமிடத்தில் செய்யலாம் என்று நினைத்ததை மறக்கிறாரா' என்ற வகைக் கேள்விகள். பாதி எதிர்காலத்துக்கு, பாதி கடந்ததற்கு. அவர் நான்கு கேள்வியோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியல மேடம். நான் கூட இல்லையே. அம்மாவுக்குத்தான் தெரிஞ்சிருக்கும். அம்மா போனப்புறம்தான் அப்பா இப்படி ஆயிட்டார்."

"அம்மா இருந்தப்போ காலைல மாத்திரை யார் எடுத்துக் கொடுப்பா?"

"அம்மாதான். காபி டம்ளர் பக்கத்துல வச்சிருவாங்க."

"கேஸை யார் பாத்துப்பா?"

"அம்மா..."

"கரண்ட் பில்? எல்ஐசி? யார் வீட்டு விசேஷத்துக்கு எப்போ போகணும்னு?"

அவர் பதில் சொல்லவில்லை. கண் நிறைந்துவிட்டது. எனக்கும் அதற்கு மேல் கேட்க மனசில்லை.

நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் செய்ய வேண்டிய ஞாபகம் சொந்தத் தலையில் இருப்பதே இல்லை. கட்டிய மனைவியின் வாயில் இருக்கிறது. "என்னங்க, மாத்திரை." "என்னங்க, மோட்டார் ஓடுது." நாற்பது வருடம் கூடவே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தால், தானாக எழ வேண்டியது எழாமல் போனதை யார் கவனிப்பார்கள்? அந்த அம்மா இறந்து ஏழு மாதம். குறை அந்த ஏழு மாதத்தில் வந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பேகூட வந்திருக்கலாம். துக்கமும் மறதியைக் கூட்டும் என்பதால் மனச்சோர்வையும் பார்த்தேன். தைராய்டு, பி12 எல்லாம் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள், சரியாக இருந்தன. காதும் பரவாயில்லை.

மகளுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு வேலை கொடுத்தேன். அப்பா எதை மறந்தார் என்று எழுத வேண்டாம், நீங்கள் எதையெல்லாம் ஞாபகப்படுத்தினீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு போனுக்கும் ஒரு கோடு. வாரக் கடைசியில் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 33. பெங்களூரில் இருந்துகொண்டு ஏழு நாளில் 33 முறை. எண்ணிப் பார்த்த பிறகுதான் தானும் அம்மாவின் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது தெரிந்தது என்றார். ஞாபக மறதிக்காகப் பெரியவர்களை எங்காவது கூட்டிப் போகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போனால் பரிசோதிப்பவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் சில சமயம் உதவும்.

அதே வாரம் பெரியவருக்கும் வீட்டு வேலை இருந்தது. இந்தத் துறையில் ஒரு பழைய புதிர் உண்டு. ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதித்தால் வயதானவர்கள் இளையவர்களிடம் தோற்றுப்போகிறார்கள். அதே மாதிரி வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் பல ஆய்வுகளில் வயதானவர்களே ஜெயிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பீட்டர் ரெண்டெல் இதைப் பார்ப்பதற்காக ஓர் அட்டை விளையாட்டே கண்டுபிடித்தார். பகடை உருட்டிக் காயை நகர்த்த வேண்டும், ஒரு சுற்று ஒரு நாள், போகிற வழியில் காலை உணவோடு மருந்து, மாலையில் ஒரு வேலை என்று ஞாபகமாகச் செய்ய வேண்டியவை வரும். ஃபெர்கஸ் கிரெய்க்கோடு சேர்ந்து 2000-ல் அவர் எழுதியதில், அட்டையில் முந்திய இளையவர்கள் நிஜ வாரத்தில் பின்தங்கினார்கள். ஒழுங்கான அன்றாடமும், எழுதிவைக்கும் பழக்கமும், சொன்னால் செய்ய வேண்டும் என்ற அக்கறையும் வயதானவர்களுக்குத் துணை நிற்கின்றன என்பது என் எண்ணம். அதனால் கிளினிக்கில் பார்த்ததை மட்டும் வைத்து நான் ஒருவரைப் பற்றி முடிவு கட்டுவதில்லை.

பெரியவருக்கு இரண்டு வேலை. தினமும் மாலை 5 மணிக்கு எனக்கு ஒரு மிஸ்டு கால். ராத்திரி மகள் கூப்பிடும்போது, அன்றைக்குப் பேப்பரில் படித்த ஒரு செய்தியை அவராகவே சொல்ல வேண்டும், மகள் கேட்கக் கூடாது.

மிஸ்டு கால் ஏழு நாளும் வந்தது. என் போனில் நேரம் பார்த்தேன்: 5.00, 5.00, 5.01, 5.00. பேப்பர் செய்தி ஏழு ராத்திரியில் ஒரே ஒரு ராத்திரி வந்தது. நான் கிளினிக்கில் பார்த்த அதே கோலம் வீட்டிலும். நேரத்துக்கு அவர் காத்திருப்பார். தானாக வந்து நிற்கிற ஒன்று, மகளின் போன், சிவப்பு ஃபைல், பொங்குகிற பால், அவரைத் தட்டி எழுப்பாமலே கடந்து போய்விடும்.

அடுத்த முறை வந்தபோது, மிஸ்டு கால் எப்படி அவ்வளவு கச்சிதமாக வந்தது என்று கேட்டேன்.

"அஞ்சு மணிக்கு ஒரு வண்டி வருதுன்னு வச்சுக்கிட்டேன். 4.50-க்கே போனைக் கையில எடுத்துக்கிட்டு உக்காந்துருவேன்."

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். நான் ஒரு தாளில் 'கேட்டால் வருகிறது, கேட்காமல் வரவில்லை' என்று படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டரம்மா, ரயில்வேல ஞாபகத்தை நம்பி ஒரு வேலையும் கிடையாது. லைன்ல ஒரு வண்டி நின்னுக்கிட்டு இருந்தா, அது எனக்குத் தெரியும், நாந்தானே விட்டேன். ஆனாலும் அந்த லைனுக்கு அடுத்த வண்டியை விடுற சிக்னல் லீவர்ல ஒரு காலர் மாட்டுவோம். இரும்பு வளையம். நடுவுல போன் வரும், கன்ட்ரோல் கூப்பிடுவான், டிரைவர் வந்து கத்துவான். எல்லாம் முடிச்சுட்டு வந்து பழக்க தோஷத்துல லீவரைப் புடிச்சா, வளையம் கைல தட்டும். லைன் அடைச்சிருக்குன்னு கைக்குத் தெரியும்."

கை நீட்டி, இல்லாத லீவர் ஒன்றைப் பிடித்துக் காட்டினார். கட்டைவிரல் வளையத்தில் இடிப்பதுபோல நின்றது.

நான் எத்தனையோ பேருக்கு வெளித்தூண்டல், நினைவூட்டி என்றெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறேன். அவர் கை நின்ற அந்த இடத்தில்தான் எனக்கே அது முழுசாக விளங்கியது. செய்யப்போகும் கை படுகிற இடத்திலேயே ஞாபகம் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய தாள் நாலு நாளில் சுவராகிவிடும்.

மூன்று பேரும் உட்கார்ந்து யோசித்தோம். பாலுக்கு அவரே வழி சொன்னார். அடுப்பைப் பற்றவைத்ததும் சமையலறையில் தொங்கும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். துண்டு தோளில் இருக்கும்வரை லைன் அடைப்பு. அணைத்த பிறகுதான் துண்டு ஆணிக்குத் திரும்பும். வாசலில் பேப்பர் எடுக்கக் குனிந்தால் துண்டு சரிந்து விழும், அது போதும். துண்டையே எடுக்க மறந்தால் என்ன செய்வது என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. லைட்டரை அந்தத் துண்டின் முனையில் முடிந்துவைத்தோம். தானாக அணைகிற வசதியுள்ள அடுப்பும் வாங்கிவிட்டார்கள், துண்டை மட்டும் நம்ப நானும் சம்மதிக்கவில்லை.

மாத்திரை வேறு மாதிரிச் சிக்கல். அங்கே மறந்து போடாமல் விடுவதைவிட, போட்டதை மறந்து மறுபடி போடுவது ஆபத்து. அதற்குத் தூண்டுகோலைக் கூட்டினால் ஆபத்தும் கூடும், அலாரம் அடிக்க அடிக்க இன்னொன்று போடுவார். கிழமை எழுதிய மாத்திரைப் பெட்டி வைத்தால் காலி அறை பதில் சொல்லும். அதோடு பெரியவர் ஒரு நீளமான நோட்டு வாங்கிக் கோடு போட்டுக்கொண்டார். டிரெயின் ரெஜிஸ்டர் மாதிரி. தேதி, மாத்திரை பெயர், உள்ளே போன நேரம், கையெழுத்து. "வண்டி தாண்டின உடனே எழுதணும், அப்புறம் எழுதறேன்னு வைக்கக் கூடாது. அதுதான் ரூல்." பெட்டி அந்த நோட்டின் மேலேயே இருக்கும், பெட்டியை எடுக்க நோட்டைத் தொட்டே ஆக வேண்டும். மருத்துவரிடம் எழுதிக் கேட்டு, சர்க்கரையை அவ்வளவு வேகமாக இறக்காத வேறு மாத்திரைக்கும் மாற்றினார்கள்.

நரம்பியல் மருத்துவர் எல்லாவற்றையும் பார்த்து, இது லேசான அறிதிறன் குறைபாடு, டிமென்ஷியா என்று சொல்லும் நிலையில் இல்லை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். இப்படி இருப்பவர்கள் எல்லோருமே மோசமாவதில்லை. சிலர் அப்படியே இருப்பார்கள், சிலர் கொஞ்சம் தேறியும் வருவார்கள். மகளிடம் இதைச் சொன்னேன். இரண்டு பக்கமும் சொன்னேன்.

ஆறு மாதம் கழித்து, தை கடைசியில் வந்தார்கள். நோட்டையும் எடுத்து வந்திருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். 8.05, 8.05, 8.07, 8.05. நுணுக்கமான கையெழுத்து, ஒவ்வொரு வரிக்கும் முதலெழுத்துகள். மார்கழியில் இரண்டு இடத்தில் வரி காலி. அந்த இரண்டு நாளும் பெட்டியில் மாத்திரை அப்படியே இருந்ததாம், பார்த்துவிட்டுச் சிவப்பு மையில் 'வண்டி ரத்து' என்று எழுதியிருந்தார். இரண்டு தடவை போட்டது ஒருநாளும் இல்லை. பால் ஒரு தடவை பொங்கியது, கருகவில்லை. மகளின் கணக்கு வாரத்துக்கு 9 ஆகியிருந்தது.

பரிசோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை ஜன்னலுக்குப் பதில் மின்விசிறி, ஃபைலுக்குப் பதில் வேறொன்று. பேனா மட்டும் அதேதான். சொல்லப்போனால் இந்தத் தடவை, குறிப்பு எழுதிக்கொள்ள அனுமதி கேட்டார். கொடுத்தேன். கேம்பிராம்ப்ட்டிலும் குறிப்பெடுக்க விடுவார்கள், அதை ஒருவர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பதும் பரிசோதனையில் சேர்த்திதான். அவர் தாளில் எழுதவில்லை. பேனாவை என்னிடம் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றித் தன்னிடமே வைத்துக்கொண்டார். மூடியைச் சட்டைப்பையில் குத்தாமல், இடது செருப்புக்குள் போட்டார்.

மின்விசிறி நேரத்துக்கு நின்றது. நடுவில் வந்த வேலை இந்த முறையும் தவறியது. தவறியது என்றே அறிக்கையில் எழுதினேன்.

"சார், இன்னிக்கு இவ்வளவுதான்" என்றேன். கைகூப்பினார். கதவோரம் போய் வலது செருப்பை மாட்டினார். இடது காலை நுழைத்தார், நிறுத்தினார், குனிந்தார்.